கையும் முகமும் மதமதக்கிறதா? 'பழைய கழுத்து அடி' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் யாரைக் கேட்டாலும் உடம்பில் ஒரு 'பழைய அடி' இருக்கும். செம்மண் சடக்கில் மோட்டார் சறுக்கி விழுந்தது, செம்பனைக் குலை வெட்டும்போது மட்டை பிடரியில் இறங்கியது, லாரியிலிருந்து இசகுபிசகாகக் குதித்தது. பதினைந்து, இருபது வருடம் கழித்துக் கை மதமதத்தால் பழி நேராக அந்த அடிமேல் விழும். பல நேரம் அது சரிதான். சரியில்லாத நேரங்களுக்காகத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். கொஞ்ச காலம் கோலாலம்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். சிகிச்சைக்கு வருகிறவர்களும், கோயிலிலும் சந்தையிலும் மடக்கிப் பிடிக்கிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை. எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம். முதல் கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

இப்போதுதான் திடீரென்று ஒரு பக்கக் கையும் முகமும் மதமதக்க ஆரம்பித்தது. என்ன செய்ய?

படிப்பதை நிறுத்திவிட்டு 999ஐ அழையுங்கள். கழுத்தில் அடி பட்டிருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். ஒரு பக்கமாகத் திடீரென்று முகமும் கையும் மரத்தால், வாய் கோணினால், தூக்கிய கை தானாக இறங்கினால், பேச்சு குழறினால், அது பக்கவாதத்தின் தொடக்கமாக இருக்கலாம். மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, தொந்தரவு தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று பார்க்க வேண்டும். ஆக, கையில் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவு. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எழுதி வையுங்கள். தூங்கி எழும்போதே இருந்தது என்றால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைச் சொல்லுங்கள்.

தைலம் தேய்க்க வேண்டாம். தண்ணீரோ காப்பியோ கொடுக்க வேண்டாம், புரையேறிவிடும். வீட்டில் கிடக்கும் ஆஸ்பிரினையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ரத்தக் கசிவாக இருந்தால் அது எரிகிற தீயில் எண்ணெய். விரல் நுனியை ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகும் என்று ஒரு செய்தி வாட்ஸ்ஆப்பில் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. அதை அனுப்புகிறவர் என் சொந்தக்காரராகவே இருந்தாலும் சொல்கிறேன், அது பொய்.

பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போங்கள். சின்ன அடைப்பு விலகிவிட்டுப் பெரியது பின்னால் வருவது உண்டு. முதல் இரண்டு நாளில்தான் ஆபத்து அதிகம்.

அடி பட்டது கழுத்தில். கைக்கு ஏன் வருகிறது?

கழுத்தில் எலும்பு ஏழு. அங்கிருந்து இரண்டு பக்கமும் கிளம்பும் நரம்பு எட்டு ஜோடி. அவற்றில் கீழ்வரிசை நரம்புகள்தான் தோள் வழியாகக் கைக்கு இறங்குகின்றன. ஒவ்வொன்றும் எலும்புகளுக்கு நடுவே ஒரு சின்னத் துவாரத்தின் வழியாக வெளியே வரும். அந்த வாசலில் நெருக்கடி ஏற்பட்டால், வலியும் மதமதப்பும் நரம்பு போய்ச் சேரும் இடத்தில்தான் தெரியும். வீட்டு வாசலில் குழாயை மிதித்தால் தோட்டத்து முனையில் தண்ணீர் நிற்பது போல.

எந்த விரல் என்று பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்றால் பெரும்பாலும் ஆறாவது நரம்பு. நடுவிரல் என்றால் ஏழாவது. சுண்டுவிரலும் மோதிர விரலும் என்றால் எட்டாவது. சிலருக்கு ஒன்றோடொன்று கலந்து வரும்; உடம்பு பாடப்புத்தகம் படித்துவிட்டு நோய்வாய்ப்படுவதில்லை.

இருபது வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன்?

அடி பட்ட அன்று நரம்பு அறுந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பழைய அடியின் வேலை மெதுவானது. எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் வயதாக ஆகக் காய்ந்து தட்டையாகிறது. எலும்பு ஓரங்களில் சின்னச் சின்ன முனைகள் வளர்ந்து அந்த வாசலைக் குறுக்குகின்றன. அடியே படாதவர்களுக்கும் இது நடக்கும். அடி பட்ட இடத்தில் கொஞ்சம் சீக்கிரமே நடக்கலாம். அதனால் 'அந்த அடிதான் காரணமா' என்று கேட்டால், சில பேரிடம் ஆமாம் என்பேன், சில பேரிடம் வயதும் சேர்ந்துதான் என்பேன். சிகிச்சை இரண்டுக்கும் ஒன்றேதான்.

அப்படியானால் முகம் மதமதப்பதும் கழுத்திலிருந்துதானே?

இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறோம். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்பு எதுவும் முகத்துக்குப் போவதில்லை. நெற்றி, கன்னம், உதடு, தாடை எல்லாவற்றின் உணர்ச்சியையும் பார்த்துக்கொள்வது மூளைத்தண்டிலிருந்து நேராகக் கிளம்பும் தனி நரம்பு. கழுத்து நரம்புக்கு முகத்தில் கொஞ்ச இடம் உண்டு: காதுமடல், காதுக்குப் பின்புறம், தாடை எலும்பு திரும்பும் மூலை, தலையின் பின்பக்கம். அதுவும் கழுத்தின் உச்சியில் இருக்கும் இரண்டாவது, மூன்றாவது நரம்புகளின் வேலை. நம் ஆட்களுக்கு அடி பட்டுத் தேய்ந்திருப்பது பெரும்பாலும் கழுத்தின் கீழ்ப்பகுதி.

இன்னொரு தொடர்பும் இருக்கிறது. முகத்து நரம்பின் உணர்ச்சியை வாங்கிக்கொள்ளும் மையம் மூளைத்தண்டோடு நிற்காமல், கழுத்துத் தண்டுவடத்தின் மேல்பகுதி வரை வால் மாதிரி நீண்டு கிடக்கிறது. அதனால் மேல்கழுத்துக் கோளாறு நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் தெரியலாம். ஆனால் அது பெரும்பாலும் வலியாகத்தான் வரும். உதட்டோரம் மரத்துப்போவது அந்தக் கணக்கில் சேராது.

சரி, கையும் உதட்டோரமும் ஒன்றாக மதமதத்தால்? இரண்டும் அக்கம்பக்கமாக இருக்கும் ஒரே இடம் மூளைதான். உடம்பின் உணர்ச்சிகளை வாங்கி வைக்கும் பகுதியில் வாயும் கைவிரலும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். நடுவே ஒரு சுவர்தான். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்கும் புகை போகும். மூளையின் நடுவே தலாமஸ் என்ற இடத்தில் அரிசி அளவு அடைப்பு வந்தால்கூட, ஒரே பக்கத்து உதட்டோரமும் விரல் நுனிகளும் மட்டும் மரத்துப்போகலாம். கை கால் நன்றாக அசையும், பேச்சும் வரும். அதனாலேயே யாரும் பக்கவாதம் என்று நினைப்பதில்லை.

உங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் ஆனதாமே?

ஊருக்கே தெரிந்த கதை, மறைக்க ஒன்றுமில்லை. அப்பா குலை வெட்டுகிறவர். 1996இல் மழை பெய்து குழைந்த சடக்கில், நண்பர் ஓட்டிய மோட்டாரின் பின்னாலிருந்து விழுந்தார். எலும்பு முறியவில்லை. இரண்டு வாரம் கழுத்துப்பட்டை போட்டார், மூன்றாவது வாரம் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விட்டார். ஐம்பத்தைந்து வயது தாண்டிய பிறகு வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் எறும்பு ஊர ஆரம்பித்தது. மரத்தை அண்ணாந்து பார்த்தால் வரும், குனிந்தால் போகும். உட்கார்ந்திருக்கும்போது அவராகவே வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொள்வார். பாட்டிக்கு அது பொறுக்காது. "தலையில கை வச்சு உக்காராதடா, குடும்பத்துக்கு ஆகாது" என்று ஒவ்வொரு தடவையும் தட்டிவிடுவார். பாவம், அப்பா சோகத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. கையைத் தலைமேல் வைத்தால் கழுத்து நரம்பின் இழுவிசை குறைந்து மதமதப்பு அடங்கும். பரிசோதனை செய்யும் மருத்துவர்களும் இதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள். ஆக, அப்பாவுக்குக் கழுத்துக் கோளாறு இருந்தது உண்மை.

2018இல் ஒருநாள் காலை ஆறரைக்கு எனக்குப் போன் செய்தார். "கட்டைவிரலும் உதட்டோரமும் பல்லுக்கு ஊசி போட்ட மாதிரி இருக்கும்மா." நான் அப்போது கோலாலம்பூரில் இருந்தேன், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "கழுத்துதான்பா. சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க, சாயங்காலம் பேசறேன்" என்றேன். இதே வேலையைப் படித்துச் சம்பளம் வாங்குகிற நான். மத்தியானம் அம்மா அழைத்தார்: "காப்பி குடிக்கறப்ப வாயோரமா வழியுது, அவருக்கே தெரியல." அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆம்புலன்ஸ் வந்து, ஸ்கேன் எடுத்து, தலாமஸில் சின்ன பக்கவாதம் என்று தெரிந்தபோது கரைக்கும் ஊசிக்கான நேரம் எப்போதோ போயிருந்தது.

அன்று காலை நான் இரண்டே கேள்வி கேட்டிருக்க வேண்டும். 'எப்போதும் வருகிற மாதிரி மெல்ல வந்ததா, பட்டென்று வந்ததா?' 'தலையில் கை வைத்தால் குறைகிறதா?' பட்டென்று வந்தது. எப்படி வைத்தாலும் குறையவில்லை. அப்பாவுக்கு இன்றும் வலது உதட்டோரம் கொஞ்சம் மந்தம்தான்.

இரவில் கை மரத்துத் தூக்கம் கலைகிறது. உதறினால் சரியாகிறது. இதுவும் கழுத்தா?

இல்லை என்றே பந்தயம் கட்டுவேன். எழுந்து உட்கார்ந்து கையை உதறுவது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் அடையாளம். கட்டை, ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, அவ்வளவுதான் அதன் எல்லை. சுண்டுவிரலைத் தொடாது. வருடக்கணக்காகப் பால் மரம் (ரப்பர்) சீவியவர்கள், புல் வெட்டும் மெஷின் பிடிப்பவர்கள், மாவு பிசையும் ரொட்டி சானாய்க்காரர்கள் ஆகியோரிடம் நிறையப் பார்க்கிறேன். பெண்களுக்கு இன்னும் அதிகம். இரவில் மணிக்கட்டு மடங்காமல் ஒரு பட்டை கட்டிப் படுத்தாலே பலருக்குக் குறைந்துவிடும்.

சுண்டுவிரல் பக்கம் மட்டும் என்றால் முழங்கையைப் பாருங்கள். மோட்டாரிலோ மேசையிலோ முழங்கையை ஊன்றும் பழக்கம் இருக்கும். கழுத்திலும் மணிக்கட்டிலும் சேர்ந்தே பிரச்சினை உள்ளவர்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும் பரிசோதனைக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பார்.

குலை வெட்டும் நாளில் மட்டும் வருகிறது. வேலையை விட வேண்டுமா?

விட வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சம்பளம் அதிலிருந்து வருகிறது. செம்பனையை 25 வருடம் வாக்கில் அழித்து மறுநடவு செய்வார்கள். அதற்குள் மரம் மூன்று மாடி உயரம் போயிருக்கும். நீளக் கம்பின் முனையில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடியே இழுக்க வேண்டும். கழுத்தைப் பின்னால் சாய்க்கும்போது நரம்பு வெளியே வரும் அந்தத் துவாரம் இன்னும் சின்னதாகும். ஏற்கெனவே குறுகியிருந்தால் உடனே விரலில் மின்னல் அடிக்கும்.

மரத்துக்கு மிக அருகே நின்று நேர் மேலே பார்ப்பதைவிட, ஓரடி பின்னால் தள்ளி நின்றால் கழுத்து சாயும் கோணம் குறையும். மட்டை விழும் பாதைக்கும் அது நல்லது. கழுத்தை மட்டும் ஒடிக்காமல் நெஞ்சைத் தூக்கிக்கொண்டு பாருங்கள். நாலைந்து மரத்துக்கு ஒருமுறை தாடையை உள்ளிழுத்து அரை நிமிடம் நில்லுங்கள். மதமதப்பு உள்ள காலத்தில் மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) சொல்லி, உளியால் வெட்டும் குட்டை மரப் பகுதியையோ உதிரிப் பழம் பொறுக்குவதையோ கேட்டு வாங்கலாம். எல்லா மண்டோரும் கொடுப்பதில்லை என்று எனக்கும் தெரியும். மருத்துவர் எழுதிய சீட்டோடு போனால் கொஞ்சம் வேலை செய்யும்.

பூச்சி மருந்தடித்துவிட்டு வந்தால் முகம் குறுகுறுவென்று எரிகிறது. கழுத்து நரம்பா?

இந்தக் கேள்வியை ஓர் அக்கா கேட்டபோது எனக்கே பதில் தெரியவில்லை, தேடிப் படித்தேன். கன்னத்தில் காந்தல், நெற்றியில் எறும்பு, உதட்டில் சுருசுருப்பு. இரண்டு பக்கமும். மறுநாள் மத்தியானம் ஒன்றுமே இருக்காது. 'எந்த மருந்து அடிக்கிறீங்க?' என்று கேட்டேன். இளஞ்செடிக்குக் காண்டாமிருக வண்டு மருந்து என்றார். டின்னைப் போட்டோ எடுத்துக் காட்டினார்: சைப்பர்மெத்ரின்.

அந்த வகை மருந்து தோலில் பட்டால் அங்குள்ள நரம்பு முனைகளைச் சீண்டிவிடும். பட்ட இடத்தில், சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ காந்தல் தொடங்கும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். முகத்தில்தான் அதிகம் தெரியும். கையுறை போட்ட கையாலேயே வியர்வையைத் துடைப்போம் இல்லையா, மருந்து அப்படித்தான் முகத்துக்கு ஏறுகிறது. வெயிலும் வியர்வையும் வெந்நீரும் காந்தலைக் கூட்டும். சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், சட்டையை மாற்றுங்கள், வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். கழுத்தில் தொங்கும் துண்டால் முகம் துடைப்பதை விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மூச்சுத் திணறலோ, வாந்தியோ, உடம்பு நடுக்கமோ வந்தால் மருந்து டின்னின் லேபிளோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த அக்காவுக்கும் 2005இல் பட்ட ஒரு கழுத்து அடி இருந்தது. யாரும் மருந்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

சர்க்கரை வியாதி இருக்கிறது. அதனாலும் வருமா?

வரும், ஆனால் அது காலில் தொடங்கும். இரண்டு பாதமும் முதலில், பிறகு மெல்ல மேலேறி, முழங்கால் அளவுக்கு வந்த பிறகுதான் விரல் நுனிகளுக்குப் போகும். கால் நன்றாக இருந்து ஒரு கை மட்டும் மதமதத்தால் சர்க்கரையை முதலில் குற்றம் சொல்ல வேண்டாம். ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு மணிக்கட்டு நரம்பு நசுங்குவதும் அதிகம், பக்கவாதமும் அதிகம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. இந்தியர்களிடையே அதைவிடக் கூடுதல். அப்பாவுக்கு இருப்பதும் அன்றைக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 குறையலாம். அதுவும் மதமதப்பு கொடுக்கும். அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நரம்புக்கு நியூரோபியோன் (பி வைட்டமின் மாத்திரை) போட்டால் போதாதா?

பி வைட்டமின் குறைவாக இருந்தால் உதவும். நசுங்கிய நரம்பை வைட்டமின் விடுவிக்காது. தவிர, பி6 அளவு மீறி நாள்கணக்கில் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுத்து மதமதப்பைக் கொண்டுவரும். ஒன்றுக்கு இரண்டு கடையில் வேறு வேறு பெயரில் வாங்கிச் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் கவனிக்கவும்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நரம்பு தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க், நரம்பு, தண்டுவடம் எல்லாம் தெரியும். சிக்கல் என்னவென்றால், தேவைக்கு அதிகமாகத் தெரியும். கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு ஜப்பானில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், 2015இல் வெளியான அந்த ஆய்வில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. வலியே இல்லாதவர்களுக்கு! ஆகவே அறிக்கையில் 'டிஸ்க் பிதுக்கம்' என்று பார்த்ததும் பயந்து படுத்துவிட வேண்டாம். எந்த மட்டத்தில் பிதுங்கியிருக்கிறது, எந்த விரல் மதமதக்கிறது, இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதுதான் விஷயம். ஒத்துப்போகவில்லை என்றால் படத்தில் இருப்பது வேறு கதை, உங்கள் கை சொல்வது வேறு கதை.

கிளினிக்கில் போய் எப்படிச் சொல்வது? 'கெபாஸ்' என்றால் போதுமா?

போதாது. மதமதப்புக்கான இந்த மலாய்ச் சொல்லால் நிறையக் குழப்பம். அரசாங்க கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் 'கெபாஸ்?' என்று கேட்பார்கள், நாமும் 'யா, கெபாஸ்' என்று தலையாட்டிவிட்டு வருவோம். தொட்டால் தெரியாத மரப்பும் கெபாஸ், எறும்பு ஊர்வதும் கெபாஸ், கை சோர்ந்து பொருள் நழுவுவதும் சிலருக்குக் கெபாஸ். மூன்றும் வேறு வேறு. எறும்பு ஊர்வதை 'செமுட்-செமுட்' என்று சொல்லுங்கள். பலம் குறைந்தால் 'லெமா' என்பதை அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் அதைக் கேட்டதும் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார்.

போவதற்கு முன் பேனாவால் கையிலேயே எல்லை வரைந்துகொண்டு போங்கள். சிரிக்காதீர்கள், பத்து நிமிடப் பேச்சை ஒரு கோடு மிச்சப்படுத்தும். எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது, முகமும் சேர்ந்து வந்ததா, சாப்பிடும் மாத்திரைகள் என்ன. குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். அந்த ஒரு வெள்ளிக்கு எவ்வளவு வாங்கலாம் என்பது நீங்கள் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முடி வெட்டும் கடையில் கழுத்தில் சொடக்கு எடுத்தால் சுகமாக இருக்கிறதே?

சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கழுத்தெலும்பின் பக்கவாட்டுத் துவாரங்களுக்குள்ளே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் இரண்டு ஏறிப் போகின்றன. தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பும்போது அபூர்வமாக அதன் உட்சுவர் கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து மூளைத்தண்டுக்குப் போனால், ஒரு பக்க முகமும் எதிர்ப்பக்க உடம்பும் மரத்து, தலை சுற்றி, விழுங்க முடியாமல் போகும். அபூர்வம் என்று மறுபடியும் சொல்கிறேன். ஆனால் ஏற்கெனவே கழுத்தில் அடி பட்டவர் அந்த விளையாட்டுக்குப் போக வேண்டாம். எண்ணெய் போட்டுத் தோளையும் முதுகையும் உருவி விடுவது வேறு, அதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். கழுத்தைத் திருகுவதுதான் கூடாது. சொடக்கு எடுத்த பிறகு இதுவரை இல்லாத கழுத்து வலியோ தலைவலியோ வந்தால் காத்திருக்காதீர்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

கழுத்தில் நரம்பு நசுங்கி வரும் கைவலி பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் நன்றாகக் குறைந்துவிடும். அந்த வாரங்களை ஓட்டுவதுதான் வேலை.

நான் எல்லோருக்கும் முதலில் சொல்லித் தருவது ஒன்றுதான். சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். வானத்தையும் பார்க்காமல் தரையையும் பார்க்காமல் நேரே பாருங்கள். இப்போது தாடையை மட்டும் பின்னால் இழுங்கள், யாரோ வாய்நாற்றத்தோடு கிட்டே வந்து பேசினால் முகத்தைப் பின்வாங்குவோமே, அது மாதிரி. பிடரி நீளுவது தெரியும். ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள். பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. மதமதப்பு விரலிலிருந்து மேலே தோள் பக்கம் சுருங்கினால் சரியான திசையில் போகிறீர்கள். விரல் நுனி நோக்கி இறங்கினால் நிறுத்திவிட்டு வந்து பாருங்கள்.

தலையணை ஒன்று போதும். இரண்டு மூன்று அடுக்கி டிவி பார்க்கும் பழக்கம்தான் காலையில் கையில் தெரிகிறது. நரம்பு வலிக்கு மருத்துவர் கொடுக்கும் மாத்திரைகளில் சில தூக்கம் வரவைக்கும். முதல் சில நாள் மோட்டார் ஓட்ட வேண்டாம். வலி மாத்திரையைக் கடையில் வாங்கி வாரக்கணக்கில் போடுவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆகாது, சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கட்டாயம் ஆகாது.

கழுத்துப்பட்டை?

ஓரிரு வாரம், வலி உச்சத்தில் இருக்கும்போது மட்டும். மாதக்கணக்கில் போட்டால் கழுத்துத் தசை சோம்பிவிடும்.

தைப்பூசத்துக்கு வேண்டுதல் இருக்கிறது. காவடி எடுக்கலாமா?

ஒவ்வொரு தை மாதமும் வரும் கேள்வி. ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு நடப்பதில் எனக்கு ஒரு பயமும் இல்லை. நடங்கள். பயமெல்லாம் தோளிலும் தலையிலும் ஏற்றும் பாரத்தில்தான். கை மதமதப்பு இருக்கும் வருடத்தில் தோளில் உட்காரும் பெரிய காவடி வேண்டாம். பால்குடம் சிறிதாக இருந்தாலும் தலையில் மணிக்கணக்காகச் சுமக்கும்போது நேரே கழுத்தில்தான் இறங்கும். அதைக் கையில் அணைத்துப் பிடித்துக்கொண்டு போகலாம். வேண்டுதலை மாற்றலாமா என்பதைப் பூசாரியிடம் கேளுங்கள். நான் கேட்ட பூசாரி, "முருகன் கழுத்தை ஒடிச்சுக்கிட்டு வான்னு சொல்லலையே" என்றார்.

பதற்றத்தாலும் மதமதப்பு வருமா?

வரும். மூச்சு வேகமாக இழுக்கும்போது வாயைச் சுற்றியும் இரண்டு கை விரல்களிலும் ஒரே நேரத்தில் சுருசுருப்பு வரும். இரண்டு பக்கமும் என்பதைக் கவனியுங்கள். மூச்சு நிதானமானால் போய்விடும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் மரத்தவரிடம் 'டென்ஷன்தான்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

எப்போது ஆபரேஷன் பேச்சு வரும்?

கை நரம்பு நசுங்குவதைவிடப் பெரிய விஷயம் தண்டுவடமே நசுங்குவது. அது சத்தமில்லாமல் வரும், வலிகூட இல்லாமல் வரலாம். சட்டைப் பித்தான் போட விரல் தடுமாறும். சில்லறை எண்ண முடியாது. கையெழுத்து மாறும். நடக்கும்போது கால் விறைத்து, குடித்தவர் மாதிரி தள்ளாடும். குனிந்தால் முதுகெலும்பு வழியாக மின்சாரம் இறங்கும். சிறுநீர் அடக்க முடியாது அல்லது வராது. இதில் எது இருந்தாலும் பிசியோவுக்காகக் காத்திருக்க வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்ப் பிரச்சினை என்றால் அன்றைக்கே. கையில் பலம் வாரத்துக்கு வாரம் குறைந்தாலும் அப்படித்தான். இவை இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பேச்சே வராது.

வேலை நேரத்தில் பட்ட அடி. சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) கேட்கலாமா?

வேலையில் விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அப்போது யாரும் தெரிவிக்காமல், 'ரெண்டு நாள் லீவு எடுத்துக்க' என்று முடித்துவிட்ட பழைய அடிகளில்தான் சிக்கல். சீட்டு, போலீஸ் ரிப்போர்ட், அன்றைய ஆஸ்பத்திரி அட்டை, எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். இனி அடி பட்டால், சின்ன அடியாக இருந்தாலும், அன்றைக்கே எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பழைய எக்ஸ்ரே படம் அலமாரிக்குப் பின்னால் கிடக்கிறது. தூக்கிப் போடலாமா?

போடாதீர்கள். அடி பட்ட காலத்துப் படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது அன்றே இருந்தது, எது பின்னால் வந்தது என்று மருத்துவருக்குத் தெரியும். பாயைப் போலச் சுருட்டாமல் தட்டையாக வையுங்கள். அப்பாவின் 1996 படத்தை 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சூரியனைப் பார்க்க எடுத்துக்கொண்டு ஓடினார்கள். துரத்திப் பிடித்துப் பிடுங்கினேன். எக்ஸ்ரே படத்தின் வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். படத்தில் இப்போதும் ஒரு பெருவிரல் ரேகை இருக்கிறது, சரியாக ஆறாவது எலும்பின்மேல்.